முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தானா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மூத்த பெண்ணுக்கு இரண்டரை வயது, சிசேரியனில் பிறந்தவள். இப்போது ஐந்தாம் மாதம். டாக்டர் “இதுவும் ஆபரேஷன்தான்” என்று சொல்லிவிட்டார், மாமியார் நாள் நட்சத்திரம் பார்க்கிறார். சுகப்பிரசவத்துக்கு வழியே இல்லையா?

இருக்கிறதும்மா. முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். அடிவயிற்றுத் தழும்பு குறுக்காக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, தோலில் போட்ட வெட்டு வேறு, உள்ளே கர்ப்பப்பையில் போட்டது வேறு. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் முயன்று பார்க்கலாம். மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் வேண்டாம், வலி வரும்வரை காத்திருப்பதே ஆபத்து. அப்புறம், அன்று ஏன் ஆபரேஷன் செய்தார்கள் என்று பாருங்கள். குழந்தை தலை திரும்பாமல் இருந்ததுதான் காரணம் என்றால், இந்த முறை தலை இறங்கியிருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

இப்படி முயல்பவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குப் பழைய தையல் விட்டு கர்ப்பப்பை கிழியலாம், அப்போது நிமிடங்கள்தான் கையில் இருக்கும். அதனால்தான் ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இல்லாத சின்ன நர்சிங் ஹோம்கள் மறுக்கின்றன, அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் “ஆபரேஷன்தான்” என்று முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன், இந்தியா முழுக்க 21 அல்லது 22-தான். 24 மணி நேரமும் தியேட்டர், ரத்தம், மயக்க மருந்து டாக்டர் மூன்றும் இருக்கிற மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

கடைசியில் ஆபரேஷன்தான் என்றானாலும், வேறு சிக்கல் இல்லாதபோது, நல்ல நாளுக்காக 39 வாரத்துக்கு முன் தேதி வைக்க வேண்டாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம்.

டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்துபோயிருந்தால் பழைய மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளிகளின் பதிவேட்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் வருட மருத்துவ கவுன்சில் விதி. உங்கள் பெண்ணுக்கு இரண்டரை வயதாகிவிட்டது, இந்த வாரமே போய்விடுங்கள்.