கண்ணாடியில் தரவைச் சேமிக்கும் தொழில்நுட்பம் வன்தட்டுகளுக்கு மாற்றாகுமா?

மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ‘சிலிக்கா’ திட்டத்தைப் பற்றிய இந்தக் கேள்விக்கு, அன்றாடப் பயன்பாட்டில் ஆகாது என்பதே என் பதில். ஒருமுறை எழுதினால் அழிக்கவோ திருத்தவோ முடியாத ஊடகம் இது.

ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான கால அளவே நீடிக்கும் லேசர் துடிப்புகள், குவார்ட்ஸ் கண்ணாடியின் மேற்பரப்பைத் தொடாமல், அதன் உட்புறத்தில் குறிப்பிட்ட ஆழத்தில் குவிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருமாற்றங்களைப் புள்ளிகளாகப் பதிக்கின்றன. அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தன் வழியே செல்லும் ஒளியின் முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) எவ்வளவு, எந்தத் திசையில் மாற்றுகிறது என்பதிலேயே தரவு அடங்கியிருப்பதால், ஒரே புள்ளியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்டுகளை வைக்கலாம். மேலும், புள்ளிகளைப் பல அடுக்குகளாக எழுதலாம். படிப்பதற்கு நுண்ணோக்கியும், படத்தைத் தரவாக மாற்ற இயந்திரக் கற்றலும் பயன்படுகின்றன.

2019-இல் 75 மி.மீ. சதுரமும் 2 மி.மீ. தடிப்பும் கொண்ட கண்ணாடிச் சில்லு ஒன்றில் முழுநீளத் திரைப்படம் ஒன்று, 75.6 ஜிகாபைட், சேமிக்கப்பட்டது. அத்தகைய கண்ணாடியைக் கொதிநீரில் இட்டும், எஃகுக் கம்பி நாரால் தேய்த்தும் சோதித்தார்கள் (பாத்திரம் துலக்குவதைப் போலத்தான்!), தரவு சிதையவில்லை.

நெடுங்காலச் சேமிப்புக்குப் பயன்படும் காந்த நாடாவில் உள்ளதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய நாடாவுக்கு மாற்ற வேண்டியிருப்பதால், கண்ணாடிக்கு உண்மையான போட்டி வன்தட்டுடன் அல்ல, நாடாவுடன், ஆவணக் காப்பகங்களில்தான் நிகழும். எழுதும் வேகமும் லேசரின் விலையும் இன்னும் தடைகளாகவே உள்ளன.