செஸ் போட்டியில் பெரியவர்கள் சண்டை போட்டால் குழந்தை என்ன செய்யும்?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. மூன்று வருடமாகச் செஸ் கற்றுக்கொள்கிறாள். போன மாதம் ஆடுபவரின் தரப்புள்ளி ஏறி இறங்கும் ஒரு ரேட்டிங் போட்டியில், எதிரில் ஆடிய பையனின் அப்பா ஜன்னலோரம் நின்று ஏதோ சைகை காட்டிக்கொண்டே இருந்தார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு நேராக ஹாலுக்குள் போய்ச் சத்தம் போட்டார். கைகலப்பு ஆகாதது ஒன்றுதான் குறை. போட்டியை நடத்தியவரே அந்தப் பையனுக்குக் கோச். அவர் என் கணவரை மட்டும் வெளியே அனுப்பினார். மகள் அழுதுகொண்டே ஆடித் தோற்றாள். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அந்த கேமை மொபைலில் ஏற்றி, "இந்த மூவ் ஏன் ஆடினே? 22 பாயிண்ட் போச்சு பார்" என்று அன்றிரவே ஆரம்பித்துவிட்டார். எங்கள் கோச், "விடுங்க மேடம், எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்கிறார். இப்போது போட்டி என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறாள் மகள். கோச்சை மாற்றவா, புகார் கொடுக்கவா, இல்லை செஸ்ஸையே நிறுத்திவிடவா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: செஸ்ஸை நிறுத்தவும் வேண்டாம், இப்போதே கோச்சை மாற்றவும் வேண்டாம். புகார் கொடுக்கலாம். அதை எப்படிக் கொடுப்பது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது அந்த வயிற்றுவலி.

அவள் நடிக்கவில்லை. பயம் வந்தால் குழந்தைகளுக்கு நிஜமாகவே வயிறு வலிக்கும். வலி என்றைக்கெல்லாம் வருகிறது என்று இரண்டு வாரம் சும்மா கவனியுங்கள். வகுப்பு இருக்கிற நாளிலா, வீட்டில் போர்டை எடுத்து வைத்தாலா, போட்டி என்ற பேச்சு வந்தால் மட்டுமா? பள்ளிக்கூட நாள், விடுமுறை என்று பார்க்காமல் அடிக்கடி வலித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வகுப்புக்குச் சந்தோஷமாகப் போய்விட்டு, போட்டிக்கு அப்பா கூட வருகிறார் என்றால் மட்டும் வலிக்கிறது என்றால், அவளுக்குச் செஸ் பிடிக்காமல் போகவில்லை. செஸ்ஸைச் சுற்றி நாம் செய்கிற ரகளைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சரி, அந்த ஹாலுக்குள் நடந்ததற்கு வருவோம். உங்கள் கணவர் பார்த்தது உண்மையாகவே இருக்கட்டும். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி ஆட்டம் நடக்கும்போது யாரிடமிருந்தும் எந்த யோசனையும் பெறக் கூடாது. ஆகவே சைகை காட்டியவர் செய்தது தெளிவான தவறு. ஆனால் அதே விதிகள் பார்வையாளருக்கும் ஒரு எல்லை போட்டிருக்கின்றன. தவறு ஏதாவது கண்ணில் பட்டால் ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) மட்டும் சொல்லலாம், ஆட்டத்தில் தலையிடக் கூடாது. தலையிட்டால் வெளியே அனுப்பும் அதிகாரம் ஆர்பிட்டருக்கு உண்டு. உங்கள் கணவர் வாசலில் நின்றபடியே சீஃப் ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, "ஐந்தாம் போர்டு பக்கத்து ஜன்னலைப் பாருங்கள்" என்று மெதுவாகச் சொல்லியிருந்தால், வெளியே போக வேண்டியவர் அந்த அப்பா ஒருவர்தான். உள்ளே போய்க் கத்தியதும் இருவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், இந்த மாதிரி நேரத்தில் உங்கள் மகள் தானே என்ன செய்யலாம் என்பது. நான் கோச்சாகவும் ஆர்பிட்டராகவும் இருந்து பார்த்தவரை, பத்து வயதுக் குழந்தைகளுக்கு சிசிலியன் டிஃபென்ஸ் என்ற தொடக்க ஆட்டமுறை பதினைந்து மூவ் வரை மனப்பாடமாகத் தெரிகிறது. கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிடலாம் என்பது தெரிவதில்லை. கூப்பிட்டால் திட்டுவார்கள் என்று நினைக்கிறார்கள். ஆர்பிட்டரின் உதவி தேவைப்பட்டால் கிளாக்கை நிறுத்தலாம், அது ஆடுபவரின் உரிமை. நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். "அங்கிள், அந்த ஜன்னல்ல ஒருத்தர் நிக்கிறார், எனக்கு டிஸ்டர்பா இருக்கு" என்று ஒரு வாக்கியம் போதும். ஆடுபவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆர்பிட்டரின் கடமை என்று விதியே சொல்கிறது. அவர் அப்போதே எதிராளியைத் தண்டிக்கப் போவதில்லை. ஜன்னலைச் சாத்துவார், இல்லையென்றால் நிற்பவரை அனுப்புவார். குழந்தைக்குத் தேவையானதும் அவ்வளவுதான்.

இதை வீட்டில் ஒத்திகை பாருங்கள். நீங்கள் எதிராளியாக உட்காருங்கள். குதிரையைத் தொட்டுவிட்டு யானையை நகர்த்துங்கள். அவள் கிளாக்கை நிறுத்தி, கையைத் தூக்கி, "டச் மூவ்" என்று சொல்ல வேண்டும். தொட்ட காயையே ஆட வேண்டும் என்ற விதி அது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எதிராளி தொட்ட காயை ஆடவில்லை என்றால், தன் காயைத் தொடுவதற்கு முன்பே அவள் முறையிட வேண்டும். வேண்டுமென்றே தன் காயைத் தொட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். நிறையக் குழந்தைகள் பயந்துபோய் அடுத்த மூவை ஆடிவிட்டு, வெளியே வந்து அம்மாவிடம் அழுகிறார்கள். அம்மா ஆர்பிட்டரிடம் சண்டைக்குப் போகிறார். அப்போது ஆர்பிட்டர் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மூவ்களை எழுதும் ஸ்கோர்ஷீட்டும் அப்படித்தான். ஆட்டம் முடிந்ததும் முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். எழுதியது தப்பாக இருந்தாலும், ஆர்பிட்டர் வேறு மாதிரி முடிவெடுத்தால் ஒழிய, அதுவே நிற்கும். டிரா என்று எழுதிய தாளில் ஜெயித்த குழந்தை கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது சின்ன வயதுப் பிரிவுகளில் நடக்கிற கதைதான். கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளி திரும்பத் திரும்ப டிரா கேட்டுத் தொல்லை கொடுத்தாலும் கை தூக்கலாம். விதி அதையும் தொந்தரவு என்றே கணக்கில் எடுக்கிறது. இவ்வளவும் அவளுக்குப் பழகிவிட்டால் ஜன்னலுக்கு வெளியே அப்பா காவல் நிற்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

இப்போது உங்கள் கணவர். அவரைப் பற்றிக் கடுமையாக எழுத எனக்கு மனமில்லை. எண்ட்ரி ஃபீஸ், கோச்சிங் ஃபீஸ், பஸ், லாட்ஜ், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கண் முன்னே ஏமாற்று நடந்தால் எந்த அப்பாவுக்கும் கொதிக்கும். ஆனால் அன்றிரவு மொபைலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அது எனக்கு அந்தச் சத்தத்தைவிடப் பெரிய தவறாகப் படுகிறது.

அந்த 22 பாயிண்ட் கணக்கை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள். கிளாசிக்கல் ஆட்டங்களில், 18 வயதுக்கு உட்பட்டு 2300-க்குக் கீழே ரேட்டிங் உள்ளவர்களுக்கு ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிட ஃபிடே வைத்திருக்கும் பெருக்கெண் 40. அதாவது சமமான ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றால் அதில் பாதி, 20 புள்ளி போகும், ஜெயித்தால் 20 வரும். 2400-ஐத் தாண்டிவிட்டவர்களுக்கு அந்த எண் 10தான். அதே தோல்விக்கு அவர்கள் இழப்பது 5 புள்ளி. குழந்தைகள் வேகமாக வளர்கிறார்கள், ரேட்டிங்கும் அவர்களோடு வேகமாக நகரட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. ஆகவே பத்து வயதில் 22 போவதும் 22 வருவதும் ஒரே வாரக்கடைசியில் நடக்கக்கூடியது. அதை வைத்துக் குழந்தையின் திறமையை அளந்தால் மாதாமாதம் வேறு வேறு முடிவுக்குத்தான் வருவோம்.

செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராமான இன்ஜின் விஷயமும் உண்டு. மொபைலில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் உலக சாம்பியனையே தோற்கடிக்கும். அதை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளையின் தவறைக் கண்டுபிடிப்பது யாராலும் முடியும். அந்த மூவ் ஏன் தவறு என்று தன் வார்த்தையில் விளக்க முடியாத ஒருவர், தவறு என்று மட்டும் காட்டுவதால் குழந்தை எதையும் கற்றுக்கொள்வதில்லை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தன் மாணவர் கிராண்ட்மாஸ்டர் (செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டம்) ஆகும்வரை இன்ஜினைத் தொடவிடாமல் சொந்தமாக யோசிக்கவே வைத்தார். 2019 ஜனவரியில், 12 வயதில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எல்லாக் குழந்தைக்கும் இதுதான் வழி என்று நான் சொல்லவில்லை. இன்ஜின் இல்லாமல் யோசித்துப் பழகுவதால் குழந்தை பின்தங்கிவிடும் என்ற பயம் வேண்டாம் என்கிறேன்.

குகேஷின் அப்பா ரஜினிகாந்த் காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போக வேண்டும் என்று தன் மருத்துவப் பணியையே ஒதுக்கிவைத்தவர். அவரைவிட அதிகமாகக் கொடுத்த அப்பா இருக்க முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் மகன் உலக சாம்பியன் ஆனபோது அவர் எங்கே இருந்தார்? ஆட்ட அறைக்கு வெளியே பதற்றத்தோடு நடந்துகொண்டிருந்தார். அந்த வீடியோவை உங்கள் கணவருக்குக் காட்டுங்கள். மகளும் அப்படி ஆக வேண்டும் என்பதற்காக வேண்டாம், அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றவே வேண்டாம். ஆட்டம் நடக்கும்போது பெற்றோரின் இடம் கதவுக்கு வெளியே என்பது அங்கேயும் அப்படித்தான் இருந்தது என்று அவர் பார்க்கட்டும்.

ஆனால் தோற்றுவிட்டு வந்த நாளில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். சாதாரண நாளில், மகள் தூங்கிய பிறகு பேசுங்கள். "நீங்கள் வரவே கூடாது" என்றால் ரோஷம் வரும். அவருக்கு வேலை கொடுங்கள். பேரிங் (யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியல்) பார்த்து போர்டு நம்பர் சொல்வது, தண்ணீர், சாப்பாடு, ரவுண்டுக்கு நடுவில் அவளை வெயிலில்லாத இடத்துக்கு அழைத்துப்போவது. இரண்டு ரவுண்டுக்கு நடுவே செஸ் பேச்சே கூடாது. அடுத்த ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது முந்தைய ஆட்டத்தின் பெரிய தவறைக் கிளறினால் அதைத் தலையில் வைத்துக்கொண்டே அவள் போய் உட்காருவாள். தோற்று வெளியே வரும்போது, "சாப்பிடலாமா, என்ன வேணும்?" என்று கேட்டால் போதும். அந்த கேமை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அவளே போர்டில் வைத்துக் காட்டட்டும், கோச் பார்க்கட்டும்.

அடுத்த ஒரு போட்டிக்கு மட்டும் நீங்கள் கூட்டிப்போய்ப் பாருங்கள். சின்னப் போட்டியாக, ஒரு நாளில் முடிவதாக, ரேட்டிங் இல்லாததாக இருக்கட்டும். வயிற்றுவலி வரவில்லை என்றால் உங்கள் கணவரிடம் சொல்வதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அதற்கும் வர மாட்டேன் என்றால் ஒரு மூன்று மாதம் போட்டிகளை விட்டுவிடுங்கள், வகுப்பு மட்டும் போகட்டும். பத்து வயதில் மூன்று மாதத்தில் எதுவும் கைநழுவிப் போகாது.

உங்கள் கோச் சொன்ன "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் ரவுண்டு தொடங்கியதும் பெற்றோரை ஹாலைவிட்டு மட்டுமில்லாமல் அந்த மாடியைவிட்டே கீழே அனுப்பிவிடும் அமைப்பாளர்கள் இருக்கிறார்கள். எண்ட்ரி கட்டுவதற்கு முன்னால் போன் செய்து கேளுங்கள்: பெற்றோர் எங்கே இருப்பார்கள், சீஃப் ஆர்பிட்டர் யார், அப்பீல் கமிட்டி உண்டா, சம பாயிண்ட்டில் நிற்பவர்களில் முந்துவது யார் என்று முடிவு செய்யும் டை-பிரேக் எது? கடைசிக் கேள்வியை அவசியம் கேளுங்கள். ஒரே பாயிண்ட்டில் நான்கு பேர் நின்றால் பெரும்பாலும் புக்கோல்ஸ் பார்ப்பார்கள். அதாவது உங்கள் மகளோடு ஆடியவர்கள் மொத்தம் எத்தனை பாயிண்ட் எடுத்தார்கள் என்ற கணக்கு. இது தெரியாமல் பரிசளிப்பு நேரத்தில் பெற்றோர் மேடையேறிச் சண்டை போடுவதையும், கோப்பை வாங்க நின்ற குழந்தைகள் மிரண்டு பார்ப்பதையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கோச்சை எப்போது மாற்ற வேண்டும்? கடைசி ரவுண்டில் "அந்தப் பையனும் நம்ம ஸ்டூடண்ட்தான், டிரா பண்ணிடு" என்று சொன்னால் அன்றைக்கே. முடிவை முன்கூட்டியே பேசிவைப்பது ஃபிடே நெறிமுறைகளுக்கு விரோதம். பத்து வயதில் அதைக் கற்றுக்கொடுப்பவரிடம் வேறு எதையும் கற்க வேண்டாம். அடித்தாலோ அசிங்கமாகத் திட்டினாலோ மாற்றுவதோடு நிற்காமல் 1098 சிறார் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். உங்கள் கோச் அலுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். மேலே சொன்ன கை தூக்கும் ஒத்திகையை வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் நடத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

கடைசியாகப் புகார். சின்ன ஊர்களில் போட்டி நடத்துபவரே கோச்சாகவும் இருப்பது சகஜம். ஆள் குறைவு, அதனால் எல்லாரும் குற்றவாளிகள் இல்லை. ஆனால் தன் மாணவன் ஆடும் போர்டில் தகராறு வந்தால் அவர் விலகி நின்று, முடிவைச் சீஃப் ஆர்பிட்டரிடம் விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாததுதான் உங்கள் புகார். அந்த கேமின் முடிவை இனி மாற்ற முடியாது, அதைக் கேட்காதீர்கள். மாவட்டச் சங்கத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தேதி, ரவுண்டு, போர்டு நம்பர், என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள் என்பது வரை இருக்கட்டும். உங்கள் கணவர் உள்ளே போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மாநிலச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள், அந்தப் பையனின் பெயரையோ போட்டோவையோ எங்கேயும் எழுதாதீர்கள். அவனும் உங்கள் மகள் வயதுக் குழந்தை. அப்பா சைகை காட்ட வேண்டும் என்று அவன் கேட்டிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. புகாரில்கூட "எதிராளியின் தந்தை" என்று எழுதினால் போதும்.