டெக்சாஸ் கிராமத்து வீட்டுக்கு ஷாட்கன்னா, ரைஃபிளா?

வணக்கம் நண்பரே. ஆஸ்டினுக்கு வெளியே ஐந்து ஏக்கர் வீடு, 2021 பனிப்புயல் மாதிரி இன்னொன்று வந்தால் கைவசம் ஷாட்கன் இருக்க வேண்டுமா, ரைஃபிளா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் விசாவைப் பாருங்கள். எச்1பி என்றால், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். கிரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்லை.

நான் சொல்வது 20 கேஜ் ஷாட்கன். கேஜ் என்பது குழாயின் அளவு; எண் சிறியதானால் குழாய் பெரிது, தோளில் உதையும் அதிகம். தோட்டாவை மாற்றினால் போதும்: புறாவுக்குச் சிறு குண்டுகள், காட்டுப்பன்றிக்கு ஒற்றைக் குண்டு. 12 கேஜில் முதல் நாள் இருபது ரவுண்டு சுட்டேன். மறுநாள் சட்டை போடக் கை தூக்க முடியவில்லை. உங்கள் மனைவியும் பழக வேண்டும் என்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன். நூறு கஜத்துக்கு அப்பால் பன்றிகள் மேய்கின்றன என்றால் மட்டும் ரைஃபிள்.

ஷாட்கன் குண்டு சுவரைத் துளைக்காது என்பார்கள், நம்பாதீர்கள். பெரிய குண்டுகள் ஜிப்சம் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குள் போகும். பிள்ளைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குகிறார்கள் என்று இன்றே பாருங்கள். பூட்டிய பெட்டி கட்டாயம் வேண்டும்.

அந்தப் புயலில் அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குளிரால். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சிலரைக் கொன்றது. துப்பாக்கிக்கு முன்னால் அதற்கான அலாரம் ஒன்று வாங்குங்கள்.