டெக்சாஸ் தீர்ப்பு யாரிடம் இருக்கும்?

கேள்வி: ஹூஸ்டனில் விவாகரத்தாகிப் பத்து வருடமாகிறது. மறுமணத்துக்குத் தீர்ப்பு நகல் கேட்கிறார்கள். மாநில அலுவலகத்துக்கு எழுதினால் ஒற்றைக் கடிதம்தான் வந்தது. அங்கேயே இருக்கும் தங்கையும் விவாகரத்து மனு போடப் போகிறாள். – ஒரு வாசகி, கோவை

பதில்: அந்தக் கடிதம் விவாகரத்து பதிவானதை மட்டும் சொல்லும். அதுவும் 1968 முதல் நடந்தவற்றுக்குத்தான். தீர்ப்பு இருப்பது ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம், அதாவது நீதிமன்ற ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலரிடம். வழக்கு எண் தொலைந்ததா? இருவர் பெயரையும் வருடத்தையும் சொல்லித் தேடச் சொல்லுங்கள். 'சான்றிட்ட நகல்' என்று அழுத்திக் கேளுங்கள், அம்மா. முத்திரையில்லாத ஜெராக்ஸோடு என்னிடம் வந்து விழித்தவர்கள் உண்டு. சரி, தங்கை விஷயம். தம்பதியரில் ஒருவராவது டெக்சாஸில் 6 மாதம், மனு போடும் கவுண்டியில் 90 நாள் வசித்திருக்க வேண்டும். மனு போட்டபின் பொதுவாக 60 நாள் காத்திருப்பு.