ஆர்.சி. பழைய ஓனர் பேரில் இருக்கும்போது லாரிக்கு விபத்து நடந்தால் கிளெய்ம் கிடைக்குமா?

கேள்வி: நான் சங்ககிரி. நாமக்கல்லில் ஒரு புரோக்கர் மூலமாகப் பழைய 12 சக்கர லாரி ஒன்றை வாங்கி நாலு மாதம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேரில்தான் இருக்கிறது. அவர் போட்ட ஃபுல் இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் ஓடும். "இன்சூரன்ஸ் வண்டிக்குத்தானுங்க, ஆளுக்கா? ரினியூவல் வரும்போது எல்லாத்தையும் ஒண்ணா மாத்திக்கலாம்" என்கிறார் புரோக்கர். வண்டி அடிக்கடி தொப்பூர் இறக்கத்தில் போய்வருகிறது. ஏதாவது ஆகிவிட்டால் கிளெய்ம் வருமா?

பதில்: உங்கள் லாரிக்கு ஆகும் சேதத்துக்கு, இன்றைய நிலையில், வராது. எதிரே வந்தவருக்கு ஆகும் பாதிப்புக்கு வரும். புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் பல பேரை ஏமாற்றுகிறார்கள்.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று தேர்ட் பார்ட்டி. மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவுப்படி, வண்டி கைமாறினால் இந்தப் பகுதி தானாகவே வாங்கியவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். உங்கள் லாரி ஒரு பைக்கில் மோதினால் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கும். வழக்கு பழைய ஓனர் பேரில்தான் போகும். ஆர்.சி.யில் பேர் இருப்பவர்தான் ஓனர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, பேர் மாறாமல் கிடந்தால் அவருக்கும் நிம்மதி கிடையாது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், கையெழுத்துப் போட ஓடி வருவார்.

இரண்டாவது, ஓன் டேமேஜ். உங்கள் கேபின், சேசிஸ், பாடிக்கு ஆகும் சேதம் இதில்தான் வரும். இது தானாக மாறாது. பழைய ஓனர் வண்டியை விற்றுவிட்டார், அதனால் வண்டி உடைந்ததில் அவருக்கு நஷ்டம் இல்லை, அவர் கேட்க முடியாது. நஷ்டம் உங்களுக்கு, ஆனால் பாலிசியில் உங்கள் பேர் இல்லை, நீங்களும் கேட்க முடியாது. பிரீமியம் முழுசாகக் கட்டியிருந்தும் கிளெய்ம் கேட்க ஆளே இல்லாத நிலை இது. "பழைய ஓனரையே கிளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கிக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் முதலில் கேட்பது டிரைவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார், லோடு யார் பேரில் என்பதைத்தான். ஐந்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்துவிடும். அப்புறம் அது பொய்க் கிளெய்ம் ஆகிவிடும்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்? வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு நாலு மாதம் போய்விட்டது. அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம், நாளைக்கே போங்கள். விற்றவரின் சம்மதக் கடிதம், விற்பனைக்கான சான்று, உங்கள் கையெழுத்தோடு புதிய புரப்போசல் ஃபாரம், பழைய பாலிசி, இவ்வளவும் வேண்டும். பெரும்பாலும் வண்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் பேரை மாற்றி எழுதித் தரும் சீட்டு) போடுவார்கள். அந்தத் தேதியிலிருந்துதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அதற்கு முன்னால் நடந்தது எதுவும் சேராது. அதுவரை வண்டியை நிறுத்தி வைக்க முடிந்தால் வையுங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிற இடம். "ஆர்.சி. மாத்திட்டு வாங்க" என்று இன்சூரன்ஸ் ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள். விதியில் இருப்பது விற்பனைக்கு ஏற்கத்தக்க சான்று என்றுதான், மாற்றிய ஆர்.சி. என்று இல்லை. பேர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ஐ ஆர்.டி.ஓ. ஆபீஸில் தாக்கல் செய்த ஒப்புகை, டெலிவரி நோட், பணம் கொடுத்த பேங்க் விவரம் இவற்றை வைத்துக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மேஜையில் இன்னொரு மேஜையின் காகிதத்தைக் கேட்பதும், அந்த மேஜையில் இதைக் கேட்பதுமாக ஒரு லாரிக்காரனை வாரக்கணக்கில் அலையவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் வண்டி நின்றால் ஒரு நாள் நஷ்டம் எவ்வளவு என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. புரோக்கர்கள் பிழைப்பதே இந்த அலைச்சலை வைத்துத்தான்.

உங்கள் புரோக்கர் ஏன் தள்ளிப் போடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று காரணம்தான் இருக்க முடியும்.

பழைய ஓனரின் லோன் இன்னும் முடியவில்லை என்பது முதல் சந்தேகம். ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி மேல் லோன் இருப்பதற்கான பதிவு, இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பேர் மாற்ற முடியாது, 51-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "லோன் அவர் பேர்ல ஓடட்டும், மாசத் தவணையை நீங்க கட்டிட்டு வாங்க" என்று பேசி விற்பது நம் பக்கம் சர்வசாதாரணம். நீங்கள் புரோக்கர் கையில் கொடுத்த தவணை ஃபைனான்ஸுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியாது. போகவில்லை என்றால் ஒரு நாள் ராத்திரி டோல்கேட்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். லோன் முடிந்ததைக் காட்டும் ஃபாரம் 35-ம் ஃபைனான்ஸின் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கவே கூடாது. கொடுத்துவிட்டிருந்தால் இன்றே நேரில் ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போய் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அடுத்தது பழைய இ-சலான் பாக்கி, வரி பாக்கி. இதைப் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பார்த்துவிடலாம்.

மூன்றாவது நோ கிளெய்ம் போனஸ். பழைய ஓனர் கிளெய்ம் எடுக்காததால் அவருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைத்திருக்கும், அது 50 சதவீதம் வரைகூட இருக்கலாம். அந்தப் போனஸ் அவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. பாலிசியை உங்கள் பேருக்கு மாற்றும்போது மீதிக் காலத்துக்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். இந்தச் செலவைச் சொன்னால் வியாபாரம் படியாது என்று மறைத்துவிடுகிறார்கள். அடுத்த ரினியூவலில் அதே போனஸை உங்களுக்கு எழுதித் தருகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய்யாக எழுதிய போனஸைக் காரணம் காட்டியே கிளெய்மை மறுக்க முடியும்.

பெர்மிட்டையும் மறக்காதீர்கள். அதுவும் அனுமதி இல்லாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறாது. பெர்மிட் இல்லாமல் ஓடிய வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் திருப்பி வசூலிக்கும். இப்படித் தீர்ப்புகள் வந்திருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் அப்பா பேரில் ஓடும் லாரிகள் நிறைய. அப்பா இறந்துபோனால், "நாம என்ன வித்துட்டோமா, நம்ம வண்டிதானே" என்று பிள்ளைகள் அப்படியே ஓட்டுகிறார்கள். இதற்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் கொடுத்துவிட்டால், அவர் பேரிலுள்ள ஆர்.சி.யையும் பெர்மிட்டையும் வைத்து வாரிசு 3 மாதம் வரை வண்டியை ஓட்டலாம். தகவல் கொடுக்காவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. பாலிசியும் இறந்த தேதியிலிருந்து 3 மாதம் வரை உயிரோடு இருக்கும், ஆனால் அதற்குள் பாலிசி காலம் முடிந்தால் அன்றோடு சரி. பாலிசியில் 40 நாள்தான் மீதி என்றால் உங்களுக்கு 40 நாள்தான். பதினோரு மாதம் மீதி இருந்தாலும் 3 மாதம்தான், இதைத்தான் யாரும் நம்ப மறுக்கிறார்கள். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வர நாளாகும் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காதீர்கள். 30 நாள் தகவலுக்கு ஒரு கடிதமும் இறப்புச் சான்றும் போதும், பேர் மாற்றும் ஃபாரம் 31-ஐ வாரிசுச் சான்று வந்ததும் கொடுக்கலாம். சடங்கு முடிந்த வாரத்திலேயே வீட்டில் ஒருவர் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். உடன்பிறந்தவர்களுக்குள் பாகப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்து, அதற்குள் வண்டி கவிழ்ந்து, ஒன்றும் கிடைக்காமல் போன குடும்பங்களைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை ஃபைனான்ஸ் ஆபீஸ், இரண்டாவது பழைய ஓனரிடம் சம்மதக் கடிதமும் ஃபாரம் 29, 30-ல் கையெழுத்தும். தேதி போடாத ஃபாரத்தில் ஏற்கெனவே கையெழுத்து வாங்கிப் புரோக்கர் கையில் வைத்திருந்தால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள். எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் பாலிசி நம்பரைச் சொல்லி, கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரிலேயே பேசி, உங்கள் பேர் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.