வீட்டின் குறையை விற்பவர் சொல்ல வேண்டுமா?

கேள்வி: வீட்டை விற்கப் போகிறோம். பின்பக்க அறையின் கூரை மழைக்காலத்தில் ஒழுகும். போன வருடம் பூசி, பெயின்ட் அடித்துவிட்டோம். பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கள் முற்றத்துக்கு அடியில்தான் போகிறது. "வாங்குபவர் பார்த்துத்தானே வாங்குகிறார், நீங்களாக எதையும் சொல்லாதீர்கள்" என்கிறார் புரோக்கர். அப்படி விட்டுவிடலாமா?

பதில்: புரோக்கர் சொல்வதைக் கேட்காதீர்கள். கமிஷனை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான்.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55வது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருக்கிறது, அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது என்றால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதை மோசடி என்றே அந்தப் பிரிவு சொல்கிறது. சுவரில் பளிச்சென்று தெரியும் விரிசலை நீங்கள் காட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் கூரை விஷயம் வேறு. கோடையில், புது பெயின்ட் வாசனையோடு இருக்கும் அறையில் அண்ணாந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? பூச்சு வேலைக்குப் பிறகும் ஒழுகுகிறது என்று தெரிந்தே அதை மறைக்கத்தான் பெயின்ட் அடித்தீர்கள் என்றால், சும்மா இருந்ததைவிட அது மோசம். குழாயும் அப்படித்தான், மண்ணுக்கு அடியில் இருப்பது யார் கண்ணுக்கும் படாது. நாளைக்கு அவர் அந்த முற்றத்தில் அறை கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது குழாய் உடைந்தால், பக்கத்து வீட்டுக்காரர் பல வருட உரிமை என்று சண்டைக்கு வருவார், வாங்கியவர் நேராக உங்களைத் தேடி வருவார். கிரயத்தை ரத்து செய்யக் கேட்டோ இழப்பீடு கேட்டோ அவர் நீதிமன்றம் போகவும் வழி இருக்கிறது.

வாயால் சொன்னால் போதாது, கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எந்த அறை, எப்போது பழுது பார்த்தோம், குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று நாலு வரி. விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள், கேட்கட்டும். 'உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், தெரிந்தே மறைத்ததற்கு அந்த வரியை நம்பி இருக்காதீர்கள். (வாங்குபவருக்கும் இதே பிரிவில் ஒரு கடமை உண்டு. விற்பவருக்கே தெரியாமல் அவருடைய உரிமையின் மதிப்பைக் கணிசமாகக் கூட்டும் விஷயம் வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் அவரும் சொல்ல வேண்டும். இதை யாரும் சொல்வதே இல்லை!)

கேள்வி: நான் வாங்கும் பக்கம். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பதிவு செய்யாத வாடகை ஒப்பந்தம், பதிவாகாத உயில், விற்பவரின் தங்கை போட்ட பாகப்பிரிவினை வழக்கு இதெல்லாம் அதில் இல்லாமலே போகலாம். வழக்கு நடக்கும்போது வாங்கினால் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதனால் கேளுங்கள், அதுவும் எழுத்தில் கேளுங்கள். சொத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் நீங்கள் கேட்கும் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்வது விற்பவரின் கடமை, பத்திரங்களைப் பார்வைக்குத் தருவதும்தான். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள், பல சமயம் அது கடனுக்கு அடமானமாக ஏதாவது ஒரு வங்கியில் இருக்கும். வீட்டில் யாராவது குடியிருந்தால் அவரிடமே போய் எந்த உரிமையில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். சொத்து வரி பாக்கி கிரயத் தேதி வரை விற்பவர் பொறுப்பு, ரசீதை வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். மூலப்பத்திரத்தைத் தர மறுக்கிறார்.

பதில்: அந்தப் பத்திரத்தில் அடங்கிய நிலத்தில் ஒரு பகுதியை அவர் இன்னும் வைத்திருக்கிறாரா? அப்படியானால் அசலை அவரே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நியாயமான தேவைக்கு நீங்கள் கேட்கும்போது உங்கள் செலவில் அதைக் காட்டவும் நகல் தரவும் வேண்டும். முழுவதையும் உங்களுக்கே விற்றுவிட்டார் என்றால் அசலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.