மண்ணில் 450, குடிநீரில் எவ்வளவு?

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடால் மகனின் எலும்பு வளைந்துவிடுமோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் பயம். முடி உதிர்வு, தூக்கமின்மை எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவை, அவற்றை ஃபுளோரைடு கணக்கில் எழுதாதீர்கள்.

ஆழ்துளைக் கிணற்றுப் படிவு மண்ணில் ஃபுளோரின் (நீரில் கரைந்து வரும்போது இதுவே ஃபுளோரைடு) கிலோவுக்கு 450 மில்லிகிராம், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆகவே 300 மடங்கு விஷம் என்று இணையத்தில் யாரோ போட்ட கணக்கை நம்பியிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களையும் வகுக்கவே கூடாது. ஆய்வகத்தில் மண்ணைப் பொடித்து, காரத்தோடு சேர்த்து உலையில் உருக்கி, பாறைத் துகளுக்குள்ளும் களிமண்ணுக்குள்ளும் இறுகிக் கிடப்பதைக்கூட விடாமல் பிடுங்கி எடுத்துத்தான் ஃபுளோரைடை உணரும் மின்முனையால் அளப்பார்கள். நிலத்தடி நீர் உலை இல்லை, அதில் சிறு பங்குதான் கரையும். மண்ணில் சில நூறு மில்லிகிராம் இருப்பது சாதாரணம்.

எவ்வளவு கரையும் என்பது நீரின் குணத்தைப் பொறுத்தது. காரத்தன்மையும் பைகார்பனேட்டும் கூடி, கால்சியம் குறைந்த நீரில் அதிகம் இறங்கும். கால்சியம் குறைந்த நீரில்தான் சோப்பும் நன்றாக நுரைக்கும், அதனால் சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ருசியும் நிறமும் காட்டிக்கொடுக்காது. சோதிக்க வேண்டியது மண்ணை அல்ல, நீங்கள் குடிக்கும் தண்ணீரை.

சரி, மகனுக்கு ஆறு வயது என்கிறீர்கள், நிரந்தர முன்பற்கள் முளைக்கிற நேரம். உதட்டைத் தூக்கி, பல்லைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடுகளோ திட்டுகளோ இடது வலது இரண்டு பக்கமும் ஜோடியாகத் தெரிந்தால் அது ஃபுளோரைடின் அடையாளமாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே பல்லில் ஒரு புள்ளி என்றால் பெரும்பாலும் வேறு காரணம். பல் எனாமல் உருவாவது சுமார் எட்டு வயதுவரை நடக்கும், தண்ணீரில் அளவு கூடியிருந்தால் இப்போதே மாற்றினால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பற்களாவது தப்பும். எலும்பு முடங்குவது, மிக அதிக ஃபுளோரைடை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு வருவது.

அப்புறம், தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்களாமே? ஃபுளோரைடு ஆவியாகாது, நீர் வற்றினால் அடர்த்திதான் கூடும். மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைக்குக் கொடுக்கிற கால்சியம் மாத்திரையையும் இன்றே நிறுத்துங்கள். சோதனையில் 1.5-க்கு மேல் வந்தால் ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி, இல்லாவிட்டால் வேறு நீர். மாட்டிய பிறகு வடிகட்டிய நீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.